நர்ஸிங்கோட அடிப்படை வேலைகள்: புதுசா கத்துக்கறவங்க எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்

நர்ஸிங் கத்துக்க வர்றவங்க நிறைய பேருக்கு முதல்ல ஊசி போடணும், டிரிப்ஸ் ஏத்தணும்னு தான் ஆசை இருக்கும். அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா படுக்கையில இருக்கற ஒருத்தர் தேறி வர்றதும் மோசமா போறதும் பல நேரம் குளிப்பாட்டறது, திருப்பிப் படுக்க வைக்கறது, வாய் சுத்தம் பண்றது, சாப்பிட வைக்கறது, மூச்சு எண்ணறதுன்னு எல்லாரும் சின்ன வேலைன்னு நினைக்கற விஷயங்கள்ல தான் இருக்கு. அதை எப்படி கத்துக்கறது, எதுல ஜாக்கிரதையா இருக்கணும்னு இங்க எழுதறேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, மீதி எல்லாம் இதுலேர்ந்து தான் வரும். ஒவ்வொரு வேலையிலயும் ரெண்டு பாதி இருக்கு, கை செய்யற பாதி, கண்ணு பார்க்கற பாதி. ஸ்டெப்ஸ் மனப்பாடம் பண்ணா கைப்பாதி சீக்கிரம் வந்துடும். கண்ணு பாதி தான் வேலை. குளிப்பாட்டும்போது முதுகுல ஒரு சிவப்பு தெரியுதா, நேத்து தானா எழுந்து உட்கார்ந்தவர் இன்னிக்கு ஏன் சாஞ்சே கிடக்கறார், பேச்சு ஏன் குழறுதுன்னு பார்க்கறவங்க தான் நர்ஸ்.

எதைப் பார்க்கணும்னு தெரியலன்னா அமெரிக்க நர்ஸ் வர்ஜீனியா ஹெண்டர்சன் சொன்ன 14 அடிப்படைத் தேவைகளை எடுத்துக்கோங்க. மூச்சு, சாப்பாடு, கழிவு போறது, அசைவு, தூக்கம், உடை, உடம்புச் சூடு, சுத்தம், ஆபத்து இல்லாம இருக்கறது, மனசுல இருக்கறதை சொல்றது, வழிபாடு, வேலை, பொழுதுபோக்கு, புதுசா கத்துக்கறது. ஒரு பேஷண்டை நினைச்சுக்கிட்டு இந்த 14லயும் அவரால தானா எது முடியுது, எதுக்கு நம்ம கை வேணும்னு ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. முடியறதை அவரையே செய்ய விடணும், இது ரொம்ப முக்கியம். அவசரத்துல எல்லாத்தையும் நாமளே செஞ்சு குடுத்தா அவருக்கு இருக்கற கொஞ்ச பலமும் போயிடும்.

கை கழுவறது

இதை எல்லாரும் தெரிஞ்ச விஷயம்னு தாண்டிப் போவாங்க, நான் தாண்ட மாட்டேன். 1847ல வியன்னால செம்மல்வைஸ்ங்கற டாக்டர், பிரசவ வார்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி குளோரின் கலந்த தண்ணில கை கழுவ வச்சார், தாய்மார்கள் சாவு அப்படியே இறங்கிச்சு. கிருமின்னா என்னன்னே அப்ப யாருக்கும் தெளிவா தெரியாது.

எப்ப கழுவணும்ங்கறதுக்கு உலக சுகாதார நிறுவனம் 5 தருணம் சொல்லுது: பேஷண்டைத் தொடறதுக்கு முன்னாடி, சுத்தமா செய்ய வேண்டிய எந்த வேலைக்கும் முன்னாடி, ரத்தம் சளி யூரின் மாதிரி எது மேல பட்டிருக்கலாம்னாலும் அதுக்கு அப்புறம், பேஷண்டைத் தொட்ட பிறகு, அவரைச் சுத்தி இருக்கற கட்டில் டேபிள் திரையைத் தொட்ட பிறகு. கடைசி ஒண்ணு தான் நிறைய பேர் விடுவாங்க, பேஷண்டைத் தொடவே இல்லையே, கட்டில் கம்பியை மட்டும் தானே பிடிச்சோம்னு. சானிடைசர்னா 20லேர்ந்து 30 செகண்ட், சோப்புன்னா மொத்தமா 40லேர்ந்து 60 செகண்ட். கையில அழுக்கு கண்ணுக்குத் தெரிஞ்சாலோ, பேஷண்டுக்கு கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் மாதிரி பேதி கிருமி இருந்தாலோ சோப்பு தண்ணி தான், அந்தக் கிருமியோட ஸ்போர் (கெட்டி ஓடு போட்ட விதை மாதிரி வடிவம்) சானிடைசர்ல சாகாது. கிளவுஸ் போட்டா கை கழுவ வேண்டாம்னு நினைக்காதீங்க, போடறதுக்கு முன்னாடியும் கழட்டின பிறகும் கழுவணும்.

பழகறதுக்கு ஒரு வழி: கிளவுஸ் மாட்டிக்கிட்டு கொஞ்சம் பெயிண்ட் ஊத்தி, கண்ணை மூடிக்கிட்டு கை கழுவற மாதிரி தேய்ங்க, அப்புறம் திறந்து பாருங்க. கட்டை விரல், விரல் நுனி, விரல் இடுக்கு பெயிண்ட் படாம வெள்ளையா நிக்கும். உங்க கை எங்க விடுதுன்னு ஒரு தடவை பார்த்துட்டா மறக்கவே மறக்காது.

வைட்டல்ஸ், அதுலயும் மூச்சு

வைட்டல்ஸ்னா பல்ஸ், மூச்சு, பிபி, சூடு, ஆக்ஸிஜன் அளவு. இதுல நம்பர் மனப்பாடம் சுலபம். ஓய்வா இருக்கற பெரியவங்களுக்கு பல்ஸ் நிமிஷத்துக்கு 60லேர்ந்து 100, மூச்சு 12லேர்ந்து 20, பிபி 120/80 ஒட்டி, சூடு 37 டிகிரி செல்சியஸ் ஒட்டி, ஆக்ஸிஜன் அளவு 95க்கு மேல. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கறவங்க சிலருக்கு டாக்டரே 88லேர்ந்து 92 போதும்னு எழுதி வச்சிருப்பாங்க, அதைப் பார்க்காம ஆக்ஸிஜனை ஏத்தி விடக் கூடாது. ஆனா நம்பர் சரியா வரணும்னா எடுக்கற விதம் சரியா இருக்கணும்.

பிபி பாருங்க. பேஷண்ட் 5 நிமிஷமாவது சும்மா உட்கார்ந்திருக்கணும், முதுகு சாய்ஞ்சு, கால் மேல கால் போடாம, பாதம் தரையில, கை இதய மட்டத்துல ஏதாவது மேல தாங்கி இருக்கணும், எடுக்கும்போது அவரும் பேசக் கூடாது நாமளும் பேசக் கூடாது. கஃப் (கையில சுத்தற பட்டை) சின்னதா இருந்தா பிபி கூடுதலா காட்டும், பெருசா இருந்தா குறைச்சு காட்டும், கை இதயத்துக்கு கீழ தொங்கினா அதுவும் கூடுதலா காட்டும். கையால எடுக்கும்போது முதல்ல மணிக்கட்டுல பல்ஸை விரலால பிடிச்சுக்கிட்டே காத்து ஏத்துங்க, பல்ஸ் மறையற இடத்துலேர்ந்து இன்னும் 30 ஏத்தி, அப்புறம் ஸ்டெத் வச்சு செகண்டுக்கு 2, 3ன்னு மெதுவா இறக்குங்க. சடசடன்னு இறக்கினா மேல் நம்பரும் தப்பும் கீழ் நம்பரும் தப்பும்.

பல்ஸுக்கு ஆள்காட்டி விரலும் நடு விரலும் வைங்க, கட்டை விரல் வேண்டாம், அதுல நம்ம துடிப்பே நமக்கு கேக்கும். சீரா இருந்தா 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்கலாம், தாறுமாறா இருந்தா முழு நிமிஷம். எத்தனைங்கறது மட்டும் இல்ல, சீரா இருக்கா, பலமா இருக்கா நூல் மாதிரி இருக்கா, இதையும் எழுதணும். ஆக்ஸிமீட்டர்ல கை ஜில்லுன்னு இருந்தாலோ நெயில் பாலிஷ் இருந்தாலோ நம்பர் தப்பா வரலாம், விரலை சூடாக்கி, பாலிஷை எடுத்துட்டு, வேற விரல்ல பாருங்க. வாய்ல தெர்மாமீட்டர் வைக்கறதுன்னா சூடாவோ ஜில்லுன்னோ எதாவது குடிச்சிருந்தா கொஞ்ச நேரம் விட்டு வைங்க.

இப்ப மூச்சு. எல்லா வைட்டல்ஸ்லயும் ரொம்ப அலட்சியப்படுத்தப்படறது இது தான், ஆனா உடம்பு மோசமாகும்போது முதல்ல மாறறதுல இதுவும் ஒண்ணு. எண்ணாமலே எல்லாருக்கும் 18, 20ன்னு எழுதிட்டுப் போற பழக்கம் வார்டுகள்ல இருக்கு, தயவு செஞ்சு அந்தப் பழக்கத்துல விழாதீங்க. எண்ணறேன்னு சொன்னா பேஷண்ட் மூச்சை மாத்திடுவார், அதனால பல்ஸ் பார்த்த பிறகு கையை எடுக்காம, பல்ஸ் பார்க்கற மாதிரியே வச்சுக்கிட்டு நெஞ்சைப் பாருங்க, ஏறி இறங்கினா ஒண்ணு, முழு ஒரு நிமிஷம். கழுத்துத் தசை இழுக்குதா, மூக்கு விடைக்குதா, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியுதா இல்ல நடுவுல மூச்சு வாங்குதான்னும் பாருங்க. பிரிட்டன்ல ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012ல கொண்டு வந்து 2017ல திருத்தின நியூஸ் ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு வைட்டலும் எவ்ளோ மோசம்னு மார்க் போடற அட்டவணை. அதுல மூச்சு 25 அல்லது அதுக்கு மேல போனா அது ஒண்ணுக்கே 3 மார்க், 8 அல்லது அதுக்கு கீழ போனாலும் 3, எந்த ஒரு அளவுக்கும் அந்த அட்டவணைல 3க்கு மேல மார்க் கிடையாது. புதுசா குழப்பமா பேச ஆரம்பிச்சாலும் அதே 3. மொத்தம் 5 வந்தா அவசரமா ஆளைக் கூப்பிடணும், 7 வந்தா எமர்ஜென்சி. உங்க இடத்துல வேற ஸ்கோர் இருக்கலாம், இருந்தாலும் இதைப் படிச்சு வச்சா எது எவ்ளோ சீரியஸ்னு ஒரு அளவு மனசுல நிக்கும்.

ஒரே ஒரு ரீடிங் பெருசா ஒண்ணும் சொல்லாது. காலைல பல்ஸ் 78, மதியம் 90, இப்ப 98னு ஏறிட்டே வந்தா எல்லாமே 100க்குள்ள தான், ஆனா போற பாதை சரியில்ல. பழைய ரீடிங்ஸை பார்க்காம புது ரீடிங்கை எழுதாதீங்க.

குளிப்பாட்டறதும் வாய் சுத்தமும்

தொடறதுக்கு முன்னாடி சொல்லுங்க. மயக்கத்துல இருக்கறவர்கிட்டயும் "ஐயா, இப்ப உங்க முகம் துடைக்கப் போறேன்", "அம்மா, வலது பக்கம் திருப்பறேன்"னு சொல்லிட்டு தான் செய்யணும், காது கேட்டுக்கிட்டு இருக்கலாம். திரையை இழுத்து மூடுங்க, கழுவற பாகம் மட்டும் வெளிய, மீதியெல்லாம் போர்வைக்குள்ள. ஒருத்தரோட உடம்பை நம்பி நம்ம கையில குடுத்திருக்காங்க, அந்த மரியாதை நம்ம கை அசையற விதத்துலயே தெரியணும்.

தண்ணி சூட்டை மணிக்கட்டு உள்பக்கம் ஊத்திப் பாருங்க, உணர்ச்சி குறைஞ்சவங்களுக்கு சுடறதே தெரியாது. முகத்துலேர்ந்து ஆரம்பம். கண்ணுக்கு சோப்பு வேண்டாம், மூக்கு பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமா துடைக்கணும், ஒவ்வொரு கண்ணுக்கும் துணியோட வேற வேற பக்கம். சுத்தமான இடத்துலேர்ந்து அழுக்கான இடத்துக்குப் போகணும், பிறப்புறுப்பு பகுதில பெண்களுக்கு எப்பவும் முன்னாடிலேர்ந்து பின்னாடி, ஆசனவாய் கிருமி யூரின் வழிக்குள்ள போகாம இருக்கறதுக்கு. தண்ணி ஆறினாலோ கலங்கினாலோ மாத்துங்க. மடிப்புகள்ல ஈரம் நிக்காம ஒத்தி எடுங்க. கால் கெண்டைல வலி, வீக்கம், சூடு இருந்தா தேய்க்காதீங்க, அங்க ரத்தக்கட்டி இருக்கலாம், உடனே சொல்லுங்க.

வாய் சுத்தத்தை நிறைய இடத்துல விட்டுடறாங்க. வாய்ல வளர்ற கிருமி எச்சிலோட மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கினா நிமோனியா வரும், படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு இது பெரிய ஆபத்து. மயக்கத்துல இருக்கறவரை பக்கவாட்டுல திருப்பி, தாடைக்குக் கீழ டவல் வச்சு, மென்மையான பிரஷ்ல ரொம்ப கொஞ்சமா ஈரம், சக்ஷன் (எச்சில், சளியை உறிஞ்சற மெஷின்) பக்கத்துல தயாரா இருக்கணும். விரலை பல்லுக்கு நடுவுல விடாதீங்க, கடிச்சிடுவாங்க. கழட்டற பல் செட் இருந்தா கழட்டி தனியா சுத்தம் பண்ணி, பேர் எழுதின டப்பால வைங்க.

படுக்கைப்புண் வராம பார்க்கறது

எலும்பு தோலுக்கு ரொம்ப கிட்ட இருக்கற இடம் எல்லாம் ஆபத்து தான்: அடி முதுகு, இடுப்பு ஓரம், குதிகால், கணுக்கால், முழங்கை, பின்னந்தலை, காது. அந்த இடத்துல அழுத்தம் ரொம்ப நேரம் இருந்தா ரத்தம் போகாம தசை உள்ளுக்குள்ளயே சாக ஆரம்பிக்கும், வெளிய தெரியும்போது பல தடவை உள்ள ஆழமா போயிருக்கும். அழுத்தம் மட்டும் இல்ல, ஈரம், உரசல், தலைப்பக்கம் உயர்த்தி வச்சா உடம்பு சறுக்கறப்ப தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் இழுபடறது, சாப்பாடு குறைச்சல், எல்லாம் சேர்ந்து தான் புண்ணா மாறுது.

சிவப்பு தெரிஞ்சா விரலால அழுத்தி எடுங்க. வெளுத்துட்டு திரும்ப சிவந்தா ரத்தம் ஓடுது. வெளுக்காம அப்படியே சிவப்பா நின்னா அது முதல் நிலை படுக்கைப்புண், அன்னிக்கே ரிப்போர்ட் பண்ணணும். கருப்பான தோல்ல இந்த சிவப்பு தெரியாது, அதனால புறங்கையை வச்சு சூடு பாருங்க, சுத்தி இருக்கற இடத்தை விட கெட்டியா இருக்கா கொழகொழன்னு இருக்கா, நிறம் வேறயா இருக்கா, வலிக்குதான்னு கேளுங்க.

பொதுவா 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பறதுன்னு சொல்லிக் குடுப்பாங்க. சிலருக்கு அது பத்தாது, தோலைப் பார்த்து முடிவு பண்ணணும். ஒருக்களிச்சு படுக்க வைக்கும்போது நேரா 90 டிகிரி வேண்டாம், மொத்த எடையும் இடுப்பெலும்பு மேல வந்துடும். முதுகுக்குப் பின்னாடி தலையணை குடுத்து 30 டிகிரி சாய்ப்பு போதும். குதிகாலுக்கு தலையணையை கெண்டைக்கால் அடில நீளமா வைங்க, குதிகால் காத்துல தொங்கணும். சிவந்த இடத்தை மசாஜ் பண்ணாதீங்க, உள்ள நைஞ்சிருக்கற தசை இன்னும் கெடும். நடுவுல ஓட்டை இருக்கற வளையம் மாதிரி குஷனும் வேண்டாம், ஓட்டையைச் சுத்தி அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் குறையும். யாருக்கு ரிஸ்க் அதிகம்னு கணக்குப் பார்க்க பிரேடன் ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, 6லேர்ந்து 23 வரை மார்க், குறைஞ்சா ஆபத்து, 18 அல்லது அதுக்கு கீழ வந்தாலே கவனிக்க ஆரம்பிக்கணும்.

நகர்த்தறது, எழுப்பறது

நர்ஸுங்களோட முதுகு போறது பெரும்பாலும் இங்க தான். கட்டிலை உங்க இடுப்பு உயரத்துக்கு ஏத்துங்க, கால் அகட்டி, முழங்காலை மடக்கி, பேஷண்டை உடம்புக்கு கிட்ட வச்சுக்கிட்டு, முதுகை முறுக்காம பாதத்தை திருப்பி திரும்புங்க. தனியா முடியாதுன்னு தோணினா ஆள் கூப்பிடுங்க, அதுல கூச்சமே வேண்டாம். மேல இழுக்கும்போது ஸ்லைட் ஷீட் (அடில போட்டு சறுக்கி நகர்த்தற வழவழப்பான துணி) வச்சு இழுங்க, அக்குள்ல கை விட்டு தூக்காதீங்க, தோள்பட்டை விலகிடும், பக்கவாதம் வந்த கைன்னா சீக்கிரமே விலகும்.

கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாத்தறதுன்னா ரெண்டோட வீலையும் லாக் பண்ணுங்க, நாற்காலியை பேஷண்டோட பலமான பக்கம் வைங்க. ரொம்ப நாள் படுத்தவரை நேரா நிக்க வைக்காதீங்க, முதல்ல கட்டில் ஓரத்துல காலைத் தொங்கப் போட்டு உட்கார வச்சு, தலை சுத்துதான்னு கேட்டு, முகம் வெளுக்குதான்னு பாருங்க. நின்ன 3 நிமிஷத்துக்குள்ள மேல் பிபி 20 இறங்கினா அவருக்கு விழற ரிஸ்க் இருக்கு. நடக்கும்போது நீங்க பலவீனமான பக்கம், கொஞ்சம் பின்னாடி நில்லுங்க. முடிச்சிட்டு கட்டிலை கீழ இறக்கி, பெல்லை கைக்கு எட்டற இடத்துல வச்சுட்டு தான் நகரணும்.

சாப்பாடு, தண்ணி, யூரின்

முடிஞ்ச வரை நேரா 90 டிகிரி உட்கார வைங்க, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே. நீங்களும் உட்கார்ந்து ஊட்டுங்க, நின்னுக்கிட்டு ஊட்டினா அவர் கழுத்தை அண்ணாந்து தான் வாங்கணும், அப்ப மூச்சுக்குழாய் திறந்துக்கும், அது ஆபத்து. கொஞ்சமா குடுங்க, முழுங்கினது தெரிஞ்ச பிறகு அடுத்தது. இருமல், சாப்பிட்ட பிறகு குரல் ஈரமா களகளன்னு மாறறது, கண்ணுல தண்ணி, இதுல எது வந்தாலும் நிறுத்திட்டு சொல்லணும். பக்கவாதம் வந்தவங்களுக்கு பலமான பக்கம் வைங்க, பலவீனமான கன்னத்துக்குள்ள சாப்பாடு ஒளிஞ்சிருக்கும், அதை முடிவுல பார்த்து எடுங்க. டியூப் ஃபீட்னா, அதாவது குழாய் வழியா சாப்பாடு போறதுன்னா, தலைப்பக்கம் 30லேர்ந்து 45 டிகிரி உயரத்துல இருக்கணும். அப்ப அடி முதுகுல உரசல் கூடும், அதனால இவங்களுக்கு தோலை அடிக்கடி பாருங்க.

எவ்ளோ உள்ள போச்சு, எவ்ளோ வெளிய வந்ததுன்னு எழுதறதுல குத்துமதிப்பு வேண்டாம், அளந்து எழுதுங்க. ஐஸ் துண்டுன்னா உருகினா பாதி தான் தண்ணி, அதனால பாதி கணக்கு. யூரின் எடைக்கு கிலோவுக்கு மணிக்கு 0.5 மிலி இருக்கணும், 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மிலி. ரெண்டு மணி நேரமா அதுக்கு கீழ போச்சுன்னா முதல்ல யூரின் டியூப் மடங்கியிருக்கா, பேஷண்ட் அது மேல படுத்திருக்காரான்னு பார்த்துட்டு சொல்லுங்க. யூரின் பேக் எப்பவும் சிறுநீர்ப்பைக்குக் கீழ இருக்கணும், ஆனா தரையைத் தொடக் கூடாது.

மருந்து

உங்களுக்கு அனுமதி இருந்தா மட்டும், சீனியர் பக்கத்துல இருக்கும்போது மட்டும். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். ஆளைப் பார்க்கறதுக்கு "நீங்க இன்னார் தானே"ன்னு கேட்டா பாதி தூக்கத்துல ஆமான்னு சொல்லிடுவாங்க, "உங்க பேர் என்ன, பிறந்த தேதி என்ன"ன்னு அவங்க வாயால சொல்ல வச்சு கைப்பட்டையோட ஒத்துப் பாருங்க. மெதுவா கரையற மாதிரி செஞ்ச மாத்திரையை பொடி பண்ணாதீங்க, நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே அடியா இறங்கிடும்.

கணக்கு தினம் போட்டுப் பழகுங்க. 5 மிலில 125 மிகி இருக்கற சிரப், 250 மிகி வேணும்னா 10 மிலி. 1000 மிலி டிரிப்ஸ் 8 மணி நேரத்துல போகணும், செட் 1 மிலிக்கு 20 சொட்டுன்னா, 1000 பெருக்கல் 20, வகுத்தல் 480 நிமிஷம், நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 42 சொட்டு. விடை வந்த பிறகு இது நியாயமா இருக்கான்னு ஒரு தடவை யோசிங்க, ஒரு வேளைக்கு 10 மாத்திரைன்னு வந்தா கணக்கு தப்பா இருக்க தான் வாய்ப்பு. எழுதும்போது 0.5ன்னு பூஜ்யம் போட்டு எழுதுங்க, வெறும் .5ன்னு எழுதினா புள்ளி கண்ணுல படாம 5 ஆயிடும். 5.0ன்னும் எழுதாதீங்க, அது 50 ஆயிடும். போட்ட ஊசிக்கு மூடி திரும்ப போடாதீங்க, நேரா ஷார்ப்ஸ் பாக்ஸ்ல (ஊசி, பிளேடு போடற கெட்டி டப்பா). பாக்ஸ் முக்கால் நிறைஞ்சா மூடி மாத்தணும்.

எழுதறதும் சொல்றதும்

"நல்லா இருக்கார்", "சரியா சாப்பிடல"ன்னு எழுதினா அடுத்த டியூட்டிக்கு வர்றவங்களுக்கு ஒண்ணும் புரியாது. "தட்டுல பாதி சாப்பிட்டார், 150 மிலி தண்ணி குடிச்சார், ரெண்டு தடவை இருமினார்"னு எழுதுங்க. செய்யறதுக்கு முன்னாடியே செஞ்சதா எழுதக் கூடாது. தப்பா எழுதிட்டா ஒரே கோடு போட்டு அடிச்சு கையெழுத்து போடுங்க, கிறுக்கி மறைக்காதீங்க.

டாக்டரைக் கூப்பிடறதுக்கு எஸ்பார் (SBAR)ங்கற முறை இருக்கு, அமெரிக்க கடற்படையோட அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்கள்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது: இப்ப நிலைமை என்ன, பின்னணி என்ன, நான் பார்த்தது என்ன, எனக்கு என்ன வேணும். "டாக்டர், 6ஆம் பெட் பத்தி பேசறேன், மூச்சு 26 ஆயிருக்கு, காலைல 18 தான். நேத்து வயித்துல ஆபரேஷன் ஆனவர். பல்ஸ் 112, ஆக்ஸிஜன் 91, பேச்சு கொஞ்சம் குழப்பமா இருக்கு. நீங்க இப்பவே வந்து பார்க்கணும்." கடைசி வாக்கியத்தை புதுசா வந்தவங்க பயந்து விட்டுடுவாங்க. கூப்பிடறதுக்கு முன்னாடி தாள்ல நாலு வரி எழுதி வச்சுக்கிட்டா பயம் குறையும், போன்ல சொன்ன ஆர்டரை திருப்பிப் படிச்சுக் காட்டி உறுதி பண்ணிக்கோங்க.

பழகறது எப்படி

வீடியோ மட்டும் பார்த்தா கைக்கு வராது. கூடப் படிக்கறவங்களை பேஷண்டா படுக்க வச்சு செய்ங்க, அப்புறம் நீங்க படுத்துக்கோங்க. கை தாங்கி இல்லாம திருப்பினா எப்படி பயமா இருக்கு, பெட்பேன் எவ்ளோ ஜில்லுன்னு இருக்கு, படுத்துக்கிட்டே யாராவது பல் தேய்ச்சு விட்டா எப்படி மூச்சு முட்டுதுன்னு உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு ஸ்டெப்பும் எதுக்குன்னு வாய்விட்டு சொல்லிக்கிட்டே செய்ங்க, காரணம் சொல்ல முடியாத ஸ்டெப்பை புக்ல தேடிப் படிங்க. காரணம் தெரிஞ்சா சாமான் குறைச்சலா இருக்கற இடத்துலயும் எதை விடலாம் எதை விடவே கூடாதுன்னு புரியும். பேஷண்ட் மேல செய்யறதுக்கு முன்னாடி சீனியர் முன்னாடி ஒரு தடவை முழுசா செஞ்சு காட்டி சரி வாங்கிக்கோங்க.

டியூட்டில நுழைஞ்சதும் ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் அரை நிமிஷம் நின்னு, எதையும் தொடாம, முகம், மூச்சு, படுத்திருக்கற விதம், டியூப், பேக், பெல்லுன்னு வரிசையா கண்ணை ஓட்டுங்க. அப்புறம் சார்ட்டைத் திறந்து, நீங்க பார்த்ததும் அதுல எழுதியிருக்கறதும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஒத்துப் போகாதவரை முதல்ல கவனிங்க.